இரண்டாவது சாவி

காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை சந்தை. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும் பெருஞ்சாலையில் பஸ் வந்து நிற்கும்போதே ஆடுகளின் கத்தலும், தேங்காய் மூட்டை இறக்குகிறவர்களின் கூப்பாடும் காதில் விழும். மலைமேல் அருணேஸ்வரர் கோயில் அமைதியாக நின்று இந்த ஆரவாரத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். சென்ற கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை நான் அங்கே போய் இறங்கினேன். ஆனால் சந்தைக்காகப் போகவில்லை, பஞ்சாயத்துக்காகப் போனேன். ஊர்ப் பஞ்சாயத்து அல்ல, என் தாய்மாமன் வீட்டுப் பஞ்சாயத்து.

மாமாவுக்கு எழுபத்திரண்டு வயது. பாலக்கோட்டுச் சாலையில், காட்டோரமாக அவருக்கு நாலு ஏக்கர் நிலம். கடலை, தக்காளி, வரப்போரத்தில் தென்னை. பிள்ளை ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். சனிக்கிழமை இரவு வந்து திங்கட்கிழமை விடியுமுன் போய்விடுகிறவன். வீட்டில் இருப்பவர்கள் மாமா, அவருடைய மருமகள், ஏழு வயதுப் பேரன் ஆகிய மூன்று பேர். நாலாவதாக ஒரு துப்பாக்கி.

துப்பாக்கி என்றதும் சினிமாவில் வருவதை நினைத்துக்கொள்ளாதீர்கள். நீண்ட குழல், தேய்ந்துபோன கட்டை. குழலின் வாய் வழியாகக் கருமருந்தும் ரவையும் போட்டுக் குச்சியால் கெட்டித்து, பின்புறம் ஒரு சிறு கேப்பை வைத்துச் சுடுகிற பழைய ரகம். பயிரைக் காக்க இத்தகைய துப்பாக்கி வேண்டும் என்று கேட்கும் விவசாயிக்கு 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்திலேயே தனியாக ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். மாமா முப்பத்தைந்து வருஷமாக முறையான உரிமம் வைத்திருப்பவர். பன்றியைக் கொல்வதற்காக அல்ல. அனுமதியின்றி அதைக் கொல்ல 1972-ஆம் வருஷத்து வன உயிர்ச் சட்டம் இடம் தராது. இரவில் பன்றிக் கூட்டம் கடலைக் கொல்லையில் இறங்கினால், வானத்தைப் பார்த்து ஒரு சத்தம். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். சரஸ்வதி பூஜையன்று மண்வெட்டி, கடப்பாரைகளோடு அதற்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு.

அந்தத் துப்பாக்கி கூடத்துச் சுவரில், தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில், ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பன்றி வந்த பிறகு மருந்து கெட்டித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்பதால், அறுவடைக் காலத்தில் மருந்து கெட்டித்தபடியே தொங்கும். கேப்பு மட்டும் மாமாவின் சட்டைப் பையில் இருக்கும். "கேப்பு இல்லாத துப்பாக்கி வெறும் கட்டை" என்பது அவருடைய சித்தாந்தம்.

தீபாவளி கழிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மருமகள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தாள். பையன் முக்காலியின்மேல் ஏறி, துப்பாக்கியை இறக்கி, மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கையில் தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்த பொட்டுப் பட்டாசுச் சுருள். அதிலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, கேப்பு வைக்கிற இடத்தில் எச்சில் தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய விளையாட்டுத் துப்பாக்கிக்கு அதுதானே வேலை செய்கிறது!

ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் வழக்கே. நடந்திருந்தால் வழக்கு இராது. அழுகை மட்டும்தான் இருக்கும்.

அன்று மாலை மாமா ஆணியைப் பிடுங்கி, ஒரு முழம் உயரத்தில் அடித்தார். மருமகள் அது போதாது என்றாள். பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் பையனைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றாள். மாமா பேச்சை நிறுத்திவிட்டார். பத்து நாளாக அந்த வீட்டில் சோறு பரிமாறும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

நான் போனதும் மாமா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாப்பா மாப்ளே. ஊருக்கெல்லாம் நியாயம் எழுதறவன் நீ. நீயே சொல்லு. என் வீட்டிலே என் பொருளை எங்கே மாட்டறதுன்னு எனக்கு இன்னொருத்தர் சொல்லணுமா? முப்பத்தஞ்சு வருஷமாத் தொங்குது. ஒருத்தரையாவது கடிச்சிருக்கா?"

மருமகள் கதவு நிலையருகே நின்றாள். "நான் மாமாவைக் குத்தம் சொல்லலீங்க அண்ணா. ஆணி ஒரு முழம் ஒசந்துது, சரி. பையனும் வருஷத்துக்கு வருஷம் ஒசந்துக்கிட்டுத்தானே இருக்கான்?"

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. இரண்டு பாத்திரங்களும் தத்தம் நியாயத்தைச் சொல்லி முடித்ததும் அத்தியாயத்தை முடித்துவிடலாம். நிஜமான கூடத்தில், நிஜமான இரண்டு பேருக்கு நடுவே உட்கார்ந்திருக்கும்போது அது முடியாது. நான் காப்பியைக் குடித்துவிட்டு, "கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் மாமா" என்று எழுந்துவிட்டேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவன் நான். சட்டமும் தத்துவமும் முறையாகப் படித்தவன் அல்லன். நடந்தால்தான் எனக்கு யோசனை ஓடும்.

முதலில் மாமாவின் பக்கம் நின்று பார்த்தேன். அவர் சொன்னதில் இருந்தது வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆயுதமும் மானமும் நம் நாட்டில் வெகுகாலமாகப் பின்னிக் கிடக்கின்றன. 1878-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆயுதச் சட்டத்தின்படி இந்தியன் உரிமம் வாங்க வேண்டும், ஐரோப்பியனுக்கோ விலக்கு. 'உன்னை நம்பவில்லை' என்பதைத்தான் அந்தச் சட்டம் தேசத்தின் முகத்துக்கு நேரே சொல்லிற்று. அந்த வடு எளிதில் ஆறக்கூடியதா? பக்கத்திலே குடகு நாட்டில் இன்றைக்கும் குடவர்கள் உரிமமின்றித் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். 2019-இல் அந்தச் சலுகையை 2029 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதைச் சலுகை என்று அவர்கள் நினைப்பதில்லை. தங்கள் குலத்தின் கௌரவமாக நினைக்கிறார்கள். மாமாவும் குழலுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கும்போது ஒரு கருவியைத் துடைப்பவராகத் தெரியமாட்டார். தம்மைத் தாமே துடைத்துக்கொள்வது போல இருக்கும்.

இன்னொரு நியாயமும் அவருக்கு உண்டு. பூட்டி வைத்த துப்பாக்கி அவசரத்துக்கு உதவுமா? பன்றி சொல்லிவிட்டா வருகிறது? இருட்டில் சாவியைத் தேடி, பீரோவைத் திறந்து, மருந்து கெட்டிப்பதற்குள் ஒரு பாத்திக் கடலை போய்விடும். இது கிராமத்துக் கிழவரின் வாதம் மட்டும் அன்று. வாஷிங்டன் தலைநகரில் வீட்டுத் துப்பாக்கிகளைக் கழற்றியோ விசையைப் பூட்டியோதான் வைக்கவேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. அப்படி வைத்தால் தற்காப்புக்கு எப்படி உதவும் என்று கேட்டு, 2008-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தள்ளிவிட்டது. ஆகவே மாமாவுக்குத் துணை இல்லாமல் இல்லை.

இப்படி யோசித்துக்கொண்டே சந்தைத் திடலைத் தாண்டி நடந்தேன். எந்த ஊருக்குப் போனாலும் பேரூராட்சி, நகராட்சி அலுவலகங்களின் அறிவிப்புப் பலகையைப் படிப்பது என் பழக்கம். நாவலாசிரியனுக்கு அதைவிடச் சுருக்கமான ஊர்ச் சரித்திரம் வேறு கிடைக்காது. சந்தைச் சுங்கக் குத்தகை, சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், தெருவிளக்கு, நாய்த் தொல்லை என்று எல்லா ஊரிலும் ஒரே பாட்டுத்தான். மன்றக் கூட்டங்களும் அப்படியே. வெளியூர்க்காரன் உட்கார்ந்து கேட்டால் பத்து நிமிஷத்தில் கொட்டாவி வந்துவிடும்.

ஆனால் அந்தச் சலிப்பூட்டும் பட்டியலை ஒருமுறை நிதானித்துப் பாருங்கள். அதில் பாதி என்ன? 'உன் பொருளை நீ இப்படி வைத்துக்கொள்' என்பதுதான். உன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்கு மூடி போடு. கொசு உன் வீட்டில் பிறந்து பக்கத்து வீட்டில் கடிக்கும். உன் நாயைக் கட்டு. உன் சாக்கடையை மூடு. 1920-ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டம், அபாயம் தரக்கூடிய தொழிலையோ சரக்கையோ வைத்துக்கொள்ள உள்ளூர் மன்றத்தின் உரிமம் வேண்டும் என்று அப்போதே சொல்லிவிட்டது. சரக்கு உன்னுடையது, கிடங்கும் உன்னுடையது. தீப்பிடித்தால் தெரு எல்லோருடையது. நூறு வருஷத்துக்கு மேலாக நாம் இதை ஒப்புக்கொண்டு வாழ்கிறோம். மாமாவும் தம் தொட்டிக்கு மூடி போட்டிருக்கிறார். அதை அவர் மானப் பிரச்னையாக எண்ணியதே இல்லை.

மூடி போடாததால் என்ன நடக்கும் என்பதற்கு நாம் உதாரணம் தேடிப் போக வேண்டியதில்லை. 2019 அக்டோபரில் மணப்பாறைக்கு அருகே நடுக்காட்டுப்பட்டியில், தண்ணீர் இல்லாமல் கைவிட்ட ஓர் ஆழ்குழாய்க் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது. தீபாவளியும் வந்து போயிற்று. நாலு நாள் நாடே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து பிரார்த்தனை செய்தது. குழந்தை பிழைக்கவில்லை. இத்தகைய கிணறுகளை மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே உத்தரவிட்டிருந்தது. உத்தரவு ஒன்பது வருஷமாக இருந்தது. அந்த ஒரு கிணற்றில் இரும்பு மூடி இல்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. 2020 ஜூனில், திருச்சி மாவட்டத்தில் காவிரிக் கரையோரக் கிராமம் ஒன்றில், மீன் பிடிப்பதற்காக வாங்கி வீட்டில் வைத்திருந்த நாட்டு வெடியைத் தின்பண்டம் என்று நினைத்துக் கடித்த ஆறு வயதுச் சிறுவன் இறந்துபோனான். வைத்தவருக்கு அவன்மேல் விரோதமா? மீனைத் தவிர வேறு எதையும் அவர் நினைத்திருக்க மாட்டார். ஆனால் பொருளுக்கு, அதை வைத்தவரின் எண்ணம் தெரியாது. மாமாவின் நல்ல மனம் மாமாவிடம்தான் இருக்கிறது, துப்பாக்கியில் இல்லை.

'என் பொருள்' என்று நாம் சொல்லும் உறவு, பொருள் நம் கையில் இருக்கிறவரைதான் பூரணமானது. கை நீங்கியதும் அது யார் கைக்கும் எட்டும் பொருள். பெட்டியில் இருக்கும் பணம் திருட்டுப் போனால் நஷ்டம் நமக்கு. ஆகவே அதைப் பூட்டுவதும் பூட்டாததும் நம் இஷ்டம். ஆணியில் இருக்கும் துப்பாக்கி வேறொரு கைக்குப் போனால் நஷ்டம் இன்னொருவருக்கு. நஷ்டம் யாருக்கோ அவருக்கு அதில் ஒரு சொல் உண்டல்லவா? ஏழு வயதுப் பையனால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது. அவனுக்காக அவன் தாய் சொன்னாள்.

இவ்வளவு தெளிவான பிறகு, நேரே போய் மாமாவிடம் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்லவில்லை. காரணம், அந்த வீட்டில் நியாயம் எது என்பதைவிட, அதை யார் சொல்வது என்பதுதான் பெரிய முடிச்சாக இருந்தது.

இந்த முடிச்சு காரிமங்கலத்துக்கு மட்டும் உரியது அன்று. அமெரிக்காவில், சியாட்டில் நகருக்கு வடக்கே கடலோரமாக எட்மண்ட்ஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கும் ஒரு மன்றம், அங்கும் சாலை, சாக்கடை, வரவு செலவு. 2018-இல் அந்த மன்றம், நகரத்தில் துப்பாக்கி வைத்திருப்போர் அதைத் தாம் எடுத்து வைத்திருக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் பூட்டி வைக்க வேண்டும், பிறர் கைக்கு எட்டவிட்டால் அபராதம் என்று ஒரு விதி இயற்றிற்று. ஊர்க்காரர் சிலர் வழக்குப் போட்டார்கள். 2022 ஏப்ரலில் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது: விதி செல்லாது. துப்பாக்கியைப் பூட்டுவது தவறு என்பதால் அல்ல. துப்பாக்கி விஷயத்தில் விதி செய்யும் அதிகாரம் மாநிலத்துக்கே உரியது, ஊர் மன்றத்துக்கு இல்லை என்பதால். இதில் ஒரு வேடிக்கை: 2018 நவம்பரிலேயே அந்த மாநிலத்து மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட சட்டம் ஒன்று, துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து அது தகாதவர் கைக்குப் போய்த் தீங்கு விளைந்தால் அதைக் குற்றமாக்கிவிட்டது. நாலு வருஷ வழக்கு, 'செய்யலாமா' என்பதற்காக நடக்கவில்லை. 'நீ யார் சொல்ல' என்பதற்காக நடந்தது.

"எனக்கு இன்னொருத்தர் சொல்லணுமா?" என்ற மாமாவின் கேள்வியும் அதுதானே!

நம் ஊர்ப் பேரூராட்சிக்கும் துப்பாக்கி விஷயத்தில் அதிகாரம் இல்லை. உரிமம் தருகிறவர் மாவட்ட ஆட்சியர், விசாரிப்பது போலீஸ். 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகள், உரிமம் கேட்கிறவர் துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பதாக உறுதிமொழி தரவேண்டும் என்கின்றன. ஆனால் உறுதிமொழிக் காகிதம் அலுவலகத்துக் கோப்பில் இருக்கிறது. ஆணி வீட்டுச் சுவரில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை யார் கடப்பது? கடைசியில் அது மருமகளின் தலையில் வந்து விடிந்தது. சட்டம் சொல்ல வேண்டியதை, ஊர் சொல்ல வேண்டியதை, அந்தப் பெண் தனியாக நின்று, மாமனாரின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதாயிற்று. அதனால்தான் அது அவருக்குக் குற்றச்சாட்டாகக் கேட்டது.

மாலை திரும்பி வந்ததும் மாமாவை ஒரு கேள்வி கேட்டேன்.

"மாமா, 2024-லே எலெக்ஷன் வந்ததே, அப்போ துப்பாக்கி எங்கே இருந்தது?"

"ஸ்டேஷன்லேதான். தேர்தல் வந்தா ஒப்படைக்கணும்னு உத்தரவு. ரசீது வாங்கிட்டு வந்தேன். முடிஞ்சதும் போய் எடுத்துக்கிட்டேன்."

"உங்களை நம்பாமத்தானே கேட்டாங்க? கோபம் வரலியா?"

"இதுலே என்னப்பா கோபம்? எனக்கு மட்டுமா? எல்லாருக்கும்தானே!"

எல்லாருக்கும்தானே! அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் அன்று மத்தியானமெல்லாம் நடந்தேன் போலும்.

வெள்ளைக்காரனின் சட்டம் சுட்டது ஏன்? அது சிலருக்கு மட்டும் இருந்தது. சிலருக்கு விலக்கு இருந்தது. எல்லோருக்கும் பொதுவான விதியில் அவமானம் இல்லை. அது யாரையும் சுட்டிக் காட்டுவதில்லை. பஸ்ஸில் டிக்கெட் கேட்கும் கண்டக்டர் நம்மைத் திருடன் என்று சொல்லவில்லை. ஊர் மன்றமும் சட்டமன்றமும் செய்கிற பெரிய உபகாரம் தண்டிப்பது அன்று. வீட்டுக்குள் பலவீனமானவர் பலமானவரிடம் தனியாக நின்று சொல்ல வேண்டியதை, எல்லோருக்கும் பொதுவாகத் தாமே சொல்லிவிடுவது. விதி ஊமையாக இருக்கிற இடத்தில்தான் மருமகள் வாயாடி என்று பெயர் வாங்குகிறாள்.

அப்போது பக்கத்து வீட்டு ஆசிரியர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்ற தமிழாசிரியர். விஷயத்தைக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். "இது அதியமான் ஆண்ட தகடூர் மண் ஐயா. தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவன் நெய் பூசி மாலை சூட்டி அழகாக அடுக்கி வைத்திருந்த ஆயுதங்களைப் பார்த்து என்ன சொன்னார்? எங்கள் அதியமானின் ஆயுதங்கள் போரில் ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அல்லவா சொன்னார்! பூட்டி வைத்த ஆயுதத்துக்கு நம்மிடம் எப்போது மதிப்பு இருந்தது?"

மாமா மெல்லச் சிரித்தார். பத்து நாளில் முதல் சிரிப்பு.

நான் ஆசிரியருக்கு மரியாதையோடு பதில் சொன்னேன். ஔவை அங்கே போனது போரை மூட்டவா, நிறுத்தவா? தூது போனவர் அவர். தொண்டைமானின் கை ஆயுதத்தின்மேல் போகாதிருக்க அந்தச் சாமர்த்தியமான வார்த்தையைச் சொன்னார். அவர் பூட்டிய பூட்டு அது. மேலும், கொல்லன் பட்டறையில் ஒடிந்து கிடக்கும் வேலை எடுத்து எந்தக் குழந்தையும் விளையாடிவிட முடியாது. ஆசிரியர் ஒப்புக்கொண்டாரோ இல்லையோ, தலையை ஆட்டிக்கொண்டார்.

இவ்வளவு சொல்லியும் எனக்கே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. பூட்டு என்ற இரும்புத் துண்டிடம் நாம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கிறோமோ? பூச்சி மருந்து விஷயத்தில் ஒரு பெரிய பரிசோதனை நடந்திருக்கிறது. நம் கிராமங்களில் துப்பாக்கி இருக்கும் வீடு அபூர்வம். பூச்சி மருந்து இல்லாத விவசாயி வீடுதான் அபூர்வம். துயரமான ஒரு நிமிஷத்தில் கைக்கு எட்டுவது அதுதான். இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 180 கிராமங்களை எடுத்துக்கொண்டு, அவற்றில் பாதியில் வீடுதோறும் பூட்டுள்ள பெட்டிகளை இலவசமாகக் கொடுத்தார்கள். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அந்த ஆராய்ச்சியில் அடங்கின. 2017-இல் முடிவு வெளிவந்தது. பெட்டி கொடுத்த கிராமங்களுக்கும் கொடுக்காத கிராமங்களுக்கும் வித்தியாசம் இல்லை! அதே இலங்கையில், கொடிய விஷங்களைக் கடையிலிருந்தே தடை செய்து அகற்றியபோது உயிரிழப்புப் பெருமளவு குறைந்தது. பூட்டு தோற்ற இடத்தில் தடை வென்றது.

அப்படியானால் பூட்டுவது வீணா? இன்னோர் உதாரணம் நம் மண்ணிலேயே இருக்கிறது. சென்னையில் ஸ்நேகா அமைப்பை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரைச் சேர்ந்தவர்களும் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் சில கிராமங்களில் வேறு ஒரு வழியைச் சோதித்துப் பார்த்து, 2013-இல் எழுதினார்கள். பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஒரு கிடங்கில், ஆளுக்கொரு பெட்டியில் வைப்பது. சாவி ஒன்று விவசாயியிடம். மற்றொரு சாவி கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவரிடம். மருந்து வேண்டுமென்றால் நடந்து போக வேண்டும், அங்கே ஒரு மனிதன் இருப்பான், "என்ன விஷயம்?" என்று ஒரு வார்த்தை கேட்பான். அங்கே பூச்சி மருந்தால் நேரும் சாவுகள் குறைந்தன. சிறிய சோதனைதான், அதை வைத்து உலகத்துக்கெல்லாம் விதி எழுதிவிட முடியாது. ஆனால் இலங்கைப் பெட்டிக்கும் காட்டுமன்னார்கோயில் பெட்டிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டிலும் பூட்டு உண்டு. ஒன்றில் சாவி அதே வீட்டில், தலையணைக்கு அடியில். மற்றொன்றில் இரண்டாவது சாவியும், இரண்டாவது மனிதனும்.

என் மனத்தில் முடிச்சு அவிழ்ந்தது அங்கேதான். ஆபத்தான பொருளைப் பத்திரமாக வைப்பது என்றால், எட்டாத உயரத்தில் வைப்பது அன்று. கனமான பூட்டுப் போடுவதும் அன்று. நான் அதை எடுக்கும்போது, என்னைத் தவிர இன்னொரு மனிதனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோபம் வந்த இரவில் நானே எனக்கு அந்நியன். அப்போது என் கைக்கும் அந்தப் பொருளுக்கும் இடையே இருக்க வேண்டியது இரும்பு அன்று; ஒரு முகம்.

இப்படிச் சொன்னால், தனி மனித சுதந்திரம் என்ன ஆவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாவற்றுக்கும் இரண்டாவது சாவி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. என் புத்தக அலமாரிக்கு வேண்டாம். என் நாட்குறிப்புக்கு வேண்டவே வேண்டாம். தவறினால் திருத்திக்கொள்ள முடிந்த விஷயங்களில் மனிதன் தன் இஷ்டப்படி தவறட்டும். அது அவன் உரிமை. திருத்த முடியாத தவறு நேரக்கூடிய பொருள்கள் சில உண்டு. அவற்றுக்கு மட்டும் ஒரு சாவியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவைப்பதில் சுதந்திரம் குறைவதில்லை. சொல்லப்போனால், அந்தப் பொருளை வைத்துக்கொள்ளும் உரிமையே அப்படித்தான் நிலைக்கும்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவிடம் இதையெல்லாம் சொன்னேன். எட்மண்ட்ஸையும் இலங்கையையும் விட்டுவிட்டு, சாவியைப் பற்றி மட்டும் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. "காலையிலே பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். தீர்ப்பு ஏற்கப்படவில்லை என்று எண்ணிக்கொண்டு நான் படுத்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து மருமகள் போனில் பேசினாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மாமா சந்தைக்குப் போனாராம். வரும்போது வெற்றிலை பாக்கோடு ஒரு நல்ல பூட்டும் வாங்கி வந்தாராம். துப்பாக்கியை மருந்தில்லாமல் பழைய இரும்புப் பீரோவில் வைத்துப் பூட்டினாராம். கருமருந்தும் கேப்பும் தனியாக அவருடைய டிரங்குப் பெட்டியில். பெட்டிச் சாவி அவர் இடுப்பில். பீரோச் சாவியை ஒன்றும் பேசாமல் அடுப்படி மேடையில் வைத்துவிட்டுப் போய்விட்டாராம்.

"நேத்து ராத்திரி பன்னி வந்துது அண்ணா. மாமா கதவைத் தட்டி, 'சாவி குடும்மா'ன்னு கேட்டாரு. நான் எழுந்து குடுத்தேன்."

"கடலை போயிற்றா?"

"கொஞ்சம் போச்சு. மறுபடி பூட்டினப்புறம், 'அரை நிமிஷம் லேட்டு'ன்னு மொணமொணத்துக்கிட்டே சாவியைத் திருப்பிக் குடுத்துட்டாரு."

அரைப் பாத்திக் கடலையும் அரை நிமிஷமும் நஷ்டம். மாமா இன்னும் அதைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார் என்று கேள்வி. முணுமுணுக்கட்டும். அந்தக் கூடத்துச் சுவரில் இப்போது தாத்தாவின் படம் மட்டும் இருக்கிறது. காலியான ஆணியில் பையன் தன் பள்ளிக்கூடப் பையை மாட்டப் பார்த்தானாம், கை எட்டவில்லையாம்.